ஈர்க்கு ஏழு

உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கெழுதுகிறவள் நான்.
எதையும் எண்ணிவிடுவேன், நிறுத்த முடிவதில்லை.
தலையில் சிகெர் கிரீடம், ஒன்றே முக்கால் கிலோ.
மல்லிகைச் சரம் ஐந்து, அதில் ஒன்று பிளாஸ்டிக்.
பந்தல் வாடகை மாலை நாலு மணி வரை.
சிகுராய் மலை காலையிலேயே மேகத்துக்குள் போய்விட்டது.
மழை வந்தால் கணக்கு வேறு.

மஞ்சள் அரிசியும் சில்லறையும் மிட்டாயும்
எங்கள் குடைமேல் விழுந்து தெறித்தன.
இனித்திருங்கள் என்று மிட்டாய்,
பசியறியாதிருங்கள் என்று அரிசி,
பகிர்ந்துகொள்ளுங்கள் என்று காசு.
சிசுருபான் தெருப் பிள்ளைகள் மொத்தமும்
நாற்காலிகளுக்கடியில் பாய்ந்தது.
என் மகள் ரின்ரின், ஒன்பது வயது, பாயவில்லை.
காலருகே உருண்டுவந்த ஐந்நூறு ரூபியாவைச்
செருப்பால் மூடிக்கொண்டு
வேறெங்கோ பார்த்தாள்.
என் மகள்தான்.

பிறகு ஈர்க்கு.
அரேன் பனையின் கறுத்த ஈர்க்கு, ஏழு.
தர்சா பிடித்திருக்க, நான் மெழுகுவத்தியால் கொளுத்த வேண்டும்;
கொளுத்திய கையாலேயே
மண்கெண்டித் தண்ணீரில் அணைக்க வேண்டும்.
எந்தின் அக்கா ஒலிபெருக்கியில் பொருள் சொன்னாள்:
“இந்த நெருப்பு புருஷனின் கோபம்.
பெண்ணே, நீ தண்ணீராக இரு.”

முன்பும் கேட்டிருக்கிறேன் இதை.
பதினொரு வருடம் முன்னால், லெலெஸில், வேறொரு பந்தலில்.
இதே ஏழு. இதே கெண்டி.
தண்ணீராக இருக்கத்தான் போனேன் அன்று.
எவ்வளவு தண்ணீரானால் என்ன,
அடுப்பிலிருந்து இறக்காவிட்டால் ஆவிதான்.
ஆறு வருடத்தில்
அடிப்பிடித்த பாத்திரம் மட்டும் மிஞ்சியது.

ஏழும் பற்றிக்கொண்டன.
தலைமுடி கருகுகிற வாசனை.
நான் கெண்டியை எடுக்கவில்லை.
ஒலிபெருக்கியில் எந்தின் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது.

தர்சா என்னைப் பார்த்தார்.
முட்டைக்கோஸ் லாரி ஓட்டுகிறவர்,
மண்டி வாசலில் எவ்வளவு நேரமானாலும்
ஹாரன் அடித்ததில்லை.
நெருப்பு விரலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.
ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார்.
“இது உன்னுடையது.
மூட்டைக்கு ரெண்டு கிலோ குறைந்த அன்று
நான் பார்த்தேனே.”

முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.
ஆறு அவர் கையில், ஒன்று என் கையில்,
கெண்டியின் கழுத்தில் மிச்சமிருந்த இரண்டு கைகள்.
பாதித் தண்ணீர் அவருடைய சட்டைக்குப் போனது.
அணைந்ததை ஒடித்து எறிய வேண்டும்.
அவருடையவை ஒடிந்தன.
என்னுடையது ஈரத்தில் வளைந்ததே தவிர ஒடியவில்லை,
பல்லால் கடித்து ஒடித்தேன்.
இரண்டு மணிநேரம் தீட்டிய உதட்டைப் பார்த்து
எந்தின் அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

அடுத்தது முட்டை. மிதித்தார்.
குனிந்து கால் கழுவினேன், முறைப்படியே.
எல்லாவற்றையும் மாற்றுவதற்கு நான் வரவில்லை.
கெண்டியைப் போட்டு உடைத்தோம்: ஒன்பது துண்டு.

கடைசியில் கதவு.
அதுவும் வாடகை; சட்டமும் தாழும் உண்டு,
பின்னால் வீடு இல்லை, காலி முட்டைக்கோஸ் கூடைகள்.
உள்பக்கம் என்று அவர்கள் சொன்ன பக்கத்தில்
நானும் ரின்ரினும்.
லெலெஸில் நடுராத்திரிக் கதவு உதைபட்டுத்தான் திறக்கும்.
மூன்று தாழ்ப்பாள் மாற்றினேன்,
நாலாவதன் ரசீது இன்னும் இருக்கிறது.

தட்டினார்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
பாட்டாகக் கேட்க வேண்டிய கேள்வி
எனக்கு மறந்துபோனது.
ரின்ரின்தான் கேட்டாள், “யாரு?”
“தர்சா. வரலாமா?”
உள்ளங்கையைத் திறந்து அந்த நாணயத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
“இருங்க,” என்றாள்.

இருந்தார்.
மழை தொடங்கியிருந்தது.
குடை எங்கள் பக்கம்.